ஞாயிற்றுக்கிழமை வராத அணில்கள்

சாலைப்பேரி துணை மின்நிலையத்தில் அணில்கள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவதில்லை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரையும் வருவதில்லை. பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை. இதைக் கண்டுபிடித்தபோது முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு பட்டியலை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

நான் வசுமதி. ஐம்பத்து மூன்று வயது. மின்வாரியத்தில் கணக்குப் போட்டு வயிறு வளர்ப்பவள். என்ன கணக்கு என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: மின்கம்பியில் எது பட்டாலும் ஓர் அதிர்வு கிளம்பும், குளத்தில் கல் எறிந்த மாதிரி. மரக்கிளை உரசினால் ஒரு விதம், காக்கை இரண்டு கம்பிக்கு நடுவில் இறக்கை விரித்தால் ஒரு விதம். அதன் ஆயுசு ஒரு நொடியில் நூறில் சில பங்குதான். அதற்குள் துணை மின்நிலையத்துக் கருவி அதை ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பதிந்துவிடும். அந்தப் புள்ளிகளைத் துண்டு துண்டாக அலசி, எந்தத் துண்டில் எந்த வேகத்து அதிர்வு எவ்வளவு என்று பிரித்து, கம்பியில் பட்டது இன்னதுதான் என்று சொல்லிவிடலாம். அதைச் செய்யும் நிரலுக்கு ‘இமை’ என்று பெயர் வைத்தேன்.

எது பட்டாலும் முதலில் லைன் நின்றுவிடும். அணில், காக்கை, கிளை என்றால் அவை தாமாகவே விழுந்துவிடும். ஆகவே இமை மூன்று நொடி பொறுத்து மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிடும். மனிதன் என்றால் கொடுக்காது. ஒருவர் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை லைன் செத்தே கிடக்கும். தொள்ளாயிரம் துணை மின்நிலையங்களில் இரண்டு வருடமாக இமை ஓடுகிறது. மின்தடை பாதியாகக் குறைந்தது. எனக்குக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எங்கே இமை முடிவெடுத்தாலும் என் கைப்பேசியில் ‘டிங்’ என்று ஒரு செய்தி வரும். ‘அணில். 97 சதம். இணைக்கப்பட்டது.’ முதல் மாதம் ஒவ்வொரு டிங்குக்கும் குழந்தைமாதிரி சந்தோஷப்பட்டேன். பிறகு கொசுக்கடிபோலப் பழகிவிட்டது.

ஆனி மாதத்தில் ஆண்டறிக்கைக்காகப் பட்டியல் போட்டபோதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை சங்கதி கண்ணில் பட்டது. சாலைப்பேரியில் இரண்டு வருடத்தில் பதினான்கு அணில். ஒன்றுகூட ஞாயிற்றுக்கிழமை இல்லை. அணிலுக்குக் கிழமை ஏது? கருவியின் கடிகாரம் கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை காலை தென்காசியில் ரயிலிலிருந்து இறங்கி, சாரலில் நனைந்துகொண்டே சாலைப்பேரிக்குப் போனேன்.

போர்மேன் சுடலைமணி வாசலுக்கே வந்து வரவேற்றார். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிறவர். நெற்றி நிறையத் திருநீறு, கையில் எனக்கான டீ.

“வாங்க மேடம். ரூம்ல தங்கிட்டு வரலாம்லா? மழையில எதுக்கு இந்தப் பாடு?”

“கடிகாரத்தைப் பாக்கணும்.”

கடிகாரம் சரியாக இருந்தது. ஒரு வினாடி பிசகவில்லை.

“அண்ணாச்சி, உங்க ஊர்ல அணில் தொல்லை அதிகமோ?”

“ஐயோ, அதை ஏன் கேக்கிய மேடம்! சுத்தி மாந்தோப்பு. என்னத்தச் செய்ய?”

“ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாந்தோப்பைப் பூட்டிடுவாங்களா?”

அவர் என் டம்ளரில் இன்னும் பாதி டீ இருக்கும்போதே அதை வாங்கிக்கொண்டு கழுவப் போனார். ஒரு போர்மேன் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.

சன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தலையில் பிளாஸ்டிக் கோணி போட்டிருந்தாள். யார் என்று கேட்டதற்கு, “அது கிடக்கட்டும் மேடம், மூணு நாளா வந்து நிக்கா,” என்றார் சுடலைமணி. யாராவது கிடக்கட்டும் என்று எதையாவது சொன்னால் உடனே எழுந்து அதைப் பார்க்கப் போய்விடுவேன். கெட்ட குணம்.

அவள் பெயர் முப்பிடாதி. என்னைப் பார்த்ததும் முதலில் என் செருப்பைப் பார்த்தாள், பிறகு முகத்தை.

“நீங்க மெட்ராஸ்காரங்களா?”

“ஆமாம்மா. என்ன விஷயம்?”

“எங்க வீட்டுக்காரரு இசக்கிராஜ். இங்ஙனதான் காண்டிராக்ட் வேல. போன மாசம் பதினெட்டாந்தேதி கரண்டு புடிச்சுச் செத்துட்டாரு. மரத்துல வாது வெட்டப் போயி குடிபோதையில விழுந்துட்டாருன்னு எழுதி எங்கிட்ட ரேகை வாங்கிட்டாவ. அவரு பீடிகூடக் குடிக்க மாட்டாரு மேடம். எம்மவகிட்டப் பள்ளிக்கூடத்துல, உங்கப்பன் குடிச்சுட்டு விழுந்தாம்லான்னு கேக்குதுங்க.” குரல் உயரவேயில்லை. “கரண்டு புடிச்சுதான் செத்தாருன்னு ஒரு பேப்பர் கொடுங்க. வேற ஒண்ணும் கேக்கல. கேட்டா, அன்னைக்கு லைன்ல அணிலுதான் பட்டுச்சு, கம்ப்யூட்டரே சொல்லிட்டுங்காவ.”

கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. என் கம்ப்யூட்டர்.

அவளை உள்ளே அழைத்து வந்து வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தேன். சுடலைமணி தடுக்கவில்லை. பதினெட்டாம் தேதிப் பதிவைத் திறந்தேன். காலை 11.42. ‘அணில். 98 சதம். மூன்று நொடியில் இணைக்கப்பட்டது.’ அலையைப் பார்த்தேன். ஒரே ஒரு கூர்மையான மேடு, பிறகு சரிவு. பாடப்புத்தக அணில்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது.

பச்சைப் பதிவில், அதாவது கருவி பதிந்தது பதிந்தபடியே இருப்பதில், எப்போதும் இரைச்சல் இருக்கும். பண்பலையில் கரகரப்பு மாதிரி. ஓர் எல்லை வைத்து அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் சீவி எறிந்துவிட்டுத்தான் இமை பார்க்கும். அந்த எல்லையை வைத்தவள் நான். இரண்டு வருடத்துக்கு முன் இமையைப் பழக்கியபோது, நிலையங்களிலிருந்து அணில் என்று எழுதி வந்த பதிவுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. ஒன்றில் ஒரு மேடு. இன்னொன்றில் முதல் மேட்டுக்குப் பின்னால் இரண்டாவதாகச் சின்ன மேடு. ஒரே பிராணிக்கு இரண்டு கையெழுத்தா என்று எரிச்சல் வந்தது. எல்லையைக் கொஞ்சம் ஏற்றினேன். சின்ன மேடு போய்விட்டது. இரண்டு கூட்டமும் அழகாக ஒன்றாகின. அன்று சாயங்காலம் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

எல்லையை இறக்கிப் பதிவை மறுபடி ஓட்டினேன். இரண்டாவது மேடு எழுந்து நின்றது.

“அண்ணாச்சி, இங்க வாங்க.” என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. “இது தோல். மின்சாரம் முதல்ல தோலோட மோதுது. அது முதல் மேடு. தோல் கருகி வழி விட்டதும் உள்ள ரத்தத்துல பாயுது, அது ரெண்டாவது. அணிலுக்கு ரெண்டாவது மேடு வராது, அது முதல்லயே பொசுங்கிடும். மேலே யார் இருந்தா?”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“காண்டிராக்ட் ஆளு போஸ்ட்ல ஏறக் கூடாது மேடம். விதி. கீழ நின்னு கயிறு இழுக்கணும், குழி தோண்டணும், அவ்வளவுதான். ஆனா ஏறத் தெரிஞ்ச வயர்மேன் எனக்கு ரெண்டே பேரு. அதுல ஒருத்தருக்கு முட்டு வலி. நாப்பத்தாறு ஊரு. சாரல் காலத்துல தினம் அம்பது கம்ப்ளெயின்டு. வாது ஒடிச்சுப் போட அஞ்சு நிமிசம். அதுக்கு லைனை நிறுத்தணும்னு அனுமதி கேட்டா, நேத்துதானய்யா நிறுத்துனீரு, உம்ம நிலையம்தான் பட்டியல்ல கடைசின்னு மேல இருந்து போன் வரும். அதனால நிறுத்தாமலே ஏறுவானுவ.”

“அடிச்சா?”

“அடிச்சா அணிலு.” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “ஏறுனவன் விதிப்படி ஏறவே இல்ல. ஏறாதவன் மேல எப்படிக் கரண்டு பாயும்? எங்க காலத்துல மட்டும் இல்ல மேடம், எங்களுக்கு முன்னால இருந்தவங்களும் பதிவேட்டுல அணிலுன்னுதான் எழுதுனாவ. எல்லா நிலையத்துலயும் அப்படித்தான். நிரந்தர ஊழியரு அடிபட்டா மறைக்க முடியாது, யூனியன் வரும். அது மனுசக் கணக்கு.”

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமலேயே இருந்திருக்கலாம் என்று அந்தக் கணத்தில் உண்மையாகவே ஆசைப்பட்டேன். இமைக்கு நான் ‘மனிதன்’ என்று காட்டிக் கற்பித்தது முப்பத்தெட்டுப் பதிவுகள். எல்லாரும் நிரந்தர ஊழியர்கள். கையில் ரப்பர் உறை, காலில் பூட்ஸ். அவர்கள் உடம்பில் மின்சாரம் மெதுவாக, தயங்கி நுழைந்திருக்கிறது. வெறுங்காலோடு கம்பத்தின் ஈர இரும்புச் சட்டத்தில் நிற்பவன் உடம்பில் அது தயங்காது. மனிதன் என்றால் பூட்ஸ் போட்டவன் என்று இமை கற்றுக்கொண்டிருக்கிறது. மற்றவன் அணில். அணிலுக்கு மூன்று நொடியில் மறுபடியும் மின்சாரம்.

“முதல் அடியிலேயே போயிட்டாரா?”

“இல்ல மேடம்.” சுடலைமணி சுவரில் சாய்ந்துகொண்டார். “இந்த ரெண்டு வருசத்துல மொத்தம் பதினாலு பேரு அடி வாங்கியிருக்கானுவ. பதிமூணு பேரைக் கரண்டு தூக்கி எறிஞ்சுட்டுது. கை கால் முறிஞ்சுதே தவிர உசுரு போகல. இவன் ஒருத்தன்தான் இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு ஏறுவான். பிள்ளகுட்டிக்காரன், பயந்தவன். அந்தக் கயிறுதான் அவனைக் கம்பி மேலயே சாத்தி வச்சுட்டுது. அடிச்சு, லைன் நின்னுபோச்சு. அவன் முழிச்சுக்கிட்டுதான் இருந்தான். பேசுனான் மேடம். அந்த மூணு செகண்டு பேசுனான்.”

“என்ன பேசினான்?”

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

டிங்.

‘அணில். 96 சதம். இணைக்கப்பட்டது.’ ஏதோ ஓர் ஊர். இதுவரை கொசுக்கடியாக இருந்த சத்தம் நெஞ்சில் இடித்தது. அது அணிலாகவே இருக்கலாம். பெரும்பாலும் அணில்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை, மாநிலம் முழுக்க ஆட்கள் கம்பத்தில் ஏறியிருக்கும் நேரம்.

சென்னையில் தலைமைப் பொறியாளர் அனந்தநாராயணனைக் கூப்பிட்டேன். முதலில் மொத்தக் கணக்கைக் கொடுங்கள் என்றார். எல்லாப் பதிவுகளையும் இறக்கிய எல்லையோடு மறுபடி ஓட்ட மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த மூன்று மணி நேரத்தில் ஐந்து டிங். ஐந்து முறையும் எழுந்து நின்றேன். நிற்பதால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை, ஆனால் உட்கார முடியவில்லை. கடைசியில் கணக்கு வந்தது, அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் அணில்களில் முந்நூற்று எழுபத்தொன்று அணில் இல்லை.

“சார், இதை நிறுத்தணும். இப்பவே. அணில்னு வந்தா லைனைத் திரும்பக் கொடுக்காதீங்க.”

“வசுமதி, நாலாயிரம் அணிலுக்காக லைன் செத்துக் கிடந்தா என்னாகும்? ஆஸ்பத்திரி இருக்கு, குடிதண்ணி மோட்டார் இருக்கு. நம்மளைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. வேற வழி சொல்லுங்க.”

“இருக்கு. அந்த ரெண்டாவது மேடு இருந்தா மனிதன்னு எடுத்துக்கட்டும். ஒரே ஒரு எண்ணை மாத்தினாப் போதும். பத்து நிமிஷத்துல எல்லா நிலையத்துக்கும் போயிடும். உங்க ஒப்புதல் மட்டும் வேணும்.”

“இருங்க,” என்றார். யாரிடமோ பேசிவிட்டு வந்தார்.

“மனிதன்னு எடுத்துக்கிட்டா பழைய முந்நூத்து எழுபத்தொண்ணும் மனிதன் ஆயிடும். ஒவ்வொண்ணையும் பாதுகாப்பு ஆய்வாளருக்குச் சட்டப்படி தெரிவிச்சிருக்கணும். தெரிவிக்கலை. முந்நூத்து எழுபத்தொரு வழக்கு. இதுக்கு வாரியக் கூட்டம் போடணும், குழு அமைக்கணும். ஆறு மாசம், குறைஞ்சது.”

“ஆறு மாசத்துக்கு?”

“இப்ப இருக்கிற மாதிரியே ஓடும்.” தொண்டையைக் கனைத்தார். “சட்டப் பிரிவுல ஒரு யோசனை சொல்றாங்க. உங்க எண்ணை மாத்திக்கலாம். இன்னிக்கே. லைனைத் திரும்பக் கொடுக்க வேண்டாம். ஆனா பேரு மனிதன்னு வேண்டாம்.”

“வேற என்ன பேரு?”

“அணில் இரண்டுன்னு வச்சுக்கலாமே. புது வகை. பழசுக்கும் அதே பேரு. நாலு மணிக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பினா நாலு பத்துக்கு மாநிலம் முழுக்க மாறிடும். யாரும் சாக மாட்டாங்க வசுமதி. அதுதானே உங்களுக்கு வேணும்?”

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. போனை வைத்துவிட்டேன்.

மணி இரண்டே முக்கால். சுடலைமணியிடம் இந்த நிலையத்தின் தானியங்கி இணைப்பையாவது கையால் அணைக்க முடியுமா என்று கேட்டேன். எழுத்துமூலம் உத்தரவு கேட்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்ச் சாவியைத் திருப்பிவிட்டு வந்தார். ஒன்று குறைந்தது. இன்னும் எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

டிங். ‘கொம்பாடிக்காடு. அணில். 98 சதம். இணைக்கப்பட்டது.’

அந்தப் பதிவின் பச்சை வடிவத்தை இழுத்துப் பார்த்தேன். இரண்டு மேடு.

கொம்பாடிக்காடு நிலையத்துக்குப் போன் போட்டேன். நாலாவது மணியில் ஓர் ஆள் எடுத்தார்.

“என்ன ஆச்சு அங்க?”

“ஒண்ணும் இல்லீங்களே. அணிலுங்க. லைன் வந்துருச்சு.”

“அணில் எங்க கெடக்கு?”

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பின்னால் தூரத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

வராந்தாவுக்குப் போனேன். முப்பிடாதி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் இனி ஏறுகிறவர்கள் பிழைப்பார்கள், ஆனால் அவள் புருஷன் வாரியத்தின் கணக்கில் நிரந்தரமாக அணில்தான் என்றேன். போடவில்லையென்றால் ஆறு மாதம் கழித்து ஒருவேளை அவனை மனிதன் என்பார்கள், அதற்குள் இன்னும் பலர் சாவார்கள் என்றேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

“இதை எதுக்கு மேடம் எங்கிட்டக் கேக்கிய? நான் வேண்டாம்னா போடாம இருந்துருவியளா?”

இருக்க மாட்டேன். கேட்கும்போதே அது எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது அவள் வாயிலிருந்து ஒரு ‘சரி’. என் பாரத்தில் பாதியை அவள் தலையில் இறக்கப் பார்த்திருக்கிறேன். அத்தனை கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

மூன்று பத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ‘அணில் இரண்டு’ என்று என் கையாலேயே தட்டினேன். மூன்று இருபதுக்கு மாநிலம் முழுக்க எண் மாறியது. அதற்கப்புறம்தான் உட்கார முடிந்தது.

அதோடு ரயிலேறியிருக்கலாம். பதினெட்டாம் தேதிப் பதிவை, சீவாத பச்சைப் பதிவை, நிலையத்துப் பிரிண்டரில் எடுத்தேன். நீளமான தாள். அடியில் பேனாவால் எழுதினேன்: ‘இது அணில் அல்ல. வெறுங்காலோடு நின்ற ஒரு மனிதன். இரண்டாவது மேட்டை இரைச்சல் என்று நீக்கியவள் நான். அதனால்தான் லைன் திரும்பக் கொடுக்கப்பட்டது.’ பெயர், பதவி, தேதி, நேரம். இந்தத் தாள் எந்த வக்கீல் கையில் போனாலும் என் வேலை போகும், அதற்கு மேலும் போகலாம். பயமாகத்தான் இருந்தது. கையெழுத்து கோணலாக விழுந்தது.

முப்பிடாதி தாளை மடியில் விரித்துவைத்துக்கொண்டாள். சுடலைமணி கதவோரம் நின்றிருந்தார்.

“இதுல அவரு எது மேடம்?”

“இந்தப் பெரிய மேடு கம்பி பட்டது. பக்கத்துல இந்தச் சின்னது இருக்கே, அது அவர்.”

அவள் சின்ன மேட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரல் அங்கிருந்து வலது பக்கம் நகர்ந்தது. தாளில் அதற்கப்புறம் நெடுந்தூரம் மேடு பள்ளம் எதுவுமில்லாத நேர்க்கோடு.

“இது?”

“லைன் நின்னுபோன நேரம். மூணு நொடி. கம்பியில மின்சாரம் இல்ல, அதனால பதிவுல ஒண்ணும் இருக்காது.”

“அப்ப உசுரோட இருந்தாரா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் விரலை அந்தக் கோட்டின் மேலேயே வைத்துக்கொண்டு, மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுடலைமணியைப் பார்த்தாள்.

முப்பத்தைந்து வருடம் பதிவேட்டில் அணில் என்று எழுதிய மனிதர் இரண்டு அடி முன்னால் வந்து, தரையில் அவள் எதிரே குந்தினார். பேச்சு வருவதற்குள் இரண்டு முறை உதட்டை நனைத்துக்கொண்டார்.

“போஸ்டு மேல இருந்துதான்மா பேசுனான். நான் கீழ நின்னு கத்துனேன். அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்,” என்றார். “‘ஒண்ணுஞ் செய்யல அண்ணாச்சி, லைன் நின்னுபோச்சு, பயப்படாதிய’ன்னான்.”